தனி அறை இல்லாத வீட்டில் பெரியவர்களை நோயிலிருந்து காப்பது எப்படி?

கேட்டவர் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு போர்ஷனில் குடியிருக்கிறார். ஒரே அறை, ஒரு சமையல் மூலை, ஐந்து பேர். கழிப்பறையும் குழாயும் நான்கு குடும்பங்களுக்குப் பொது. அவருக்கு எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை. கணவருக்குக் காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். மாமியாருக்கு 71 வயது, சர்க்கரை, கூடவே பழைய மூச்சு இழைப்பு. கொரோனாவில் எப்படியோ தப்பித்துவிட்டோம், இன்னொன்று வந்தால் என்ன செய்வது என்கிறார். பெரியவர்களைத் தனி அறையில் வையுங்கள் என்கிறார்களே, அறைக்கு எங்கே போவது? தண்ணீர், ரேஷன், மாத்திரை எல்லாவற்றையும் எப்படிச் சமாளிப்பது? அத்தையைப் பொன்னேரியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

வடசென்னையில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கொரோனா ஆண்டுகளில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தத் தனி அறைப் பேச்சை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். உங்கள் வீட்டைப் பார்க்காதவர்கள் சொன்னது அது. நம்மால் முடியவில்லையே என்று நீங்கள் மனம் குமைய வேண்டிய அவசியமே இல்லை.

அறையும் வசதியும் உள்ள நாட்டிலேயே அது எவ்வளவு பலித்தது என்று பாருங்கள். இங்கிலாந்தில் 2020 மார்ச்சில், தொற்று வந்தால் தாங்க மாட்டார்கள் என்று கருதப்பட்டவர்களுக்கு அரசே கடிதம் போட்டு, வெளியே வராதீர்கள் என்றது. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தவர்கள், நுரையீரல் மிகவும் கெட்டுப்போனவர்கள் என்று 20 லட்சத்துக்கும் அதிகமானோர். கேட்டவர்களுக்கு மளிகைப் பெட்டி வாசலுக்கே வந்தது. பக்கத்து வேல்சிலும் இதே ஏற்பாடு. பிற்பாடு அங்கே ஆராய்ந்து பார்த்தபோது, அப்படி அடைந்து கிடந்தவர்களிடம் தொற்று குறைந்தது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பெரியவர் உள்ளேயே இருந்தாலும் மகனும் மருமகளும் வேலைக்குப் போய் வருகிறார்கள். பெரியவரே சிகிச்சைக்காக மருத்துவமனை வாசலை மிதிக்க வேண்டியிருக்கிறது. நோய் அந்த வழிகளில் வந்துவிடும்.

ஆகவே அத்தையை அடைத்து வைப்பதைப் பற்றி யோசிக்காதீர்கள். வீட்டிலிருந்து யார் வெளியே போகிறார்கள், எங்கே போகிறார்கள், வந்ததும் எங்கே படுக்கிறார்கள், வீட்டுக்குள் காற்று ஓடுகிறதா என்பதை யோசியுங்கள். ஒற்றை அறையில் நம் கையில் இருப்பது அவ்வளவுதான். ஆனால் அது கொஞ்சமில்லை.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று உங்கள் கணவர் கேட்பார். அவரிடம் இதைச் சொல்லுங்கள். தடுப்பூசி வருவதற்கு முன் பல நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, 25 வயதில் தொற்று வந்தவர்களில் 10,000 பேருக்கு ஒருவர் இறந்தார் என்றும், 75 வயதில் 100 பேருக்கு நான்கைந்து பேர் இறந்தார்கள் என்றும் மதிப்பிட்டது. அவருக்கு இரண்டு நாள் காய்ச்சலாக வந்து போவது, அவருடைய அம்மாவுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் படுக்கையாக முடியலாம். நம் பக்கத்து நெருக்கடியும் சாதாரணமானது இல்லை. 2020 ஜூலையில் சென்னை முழுவதும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தொற்று வந்து போயிருந்தது. தண்டையார்பேட்டை மண்டலத்தில் மட்டும் அது பத்தில் நான்கு பேருக்கும் மேல். ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலத்தில் இது நடந்தது. கதவுக்குப் பின்னால் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு.

முதல் வேலை காற்று. கொரோனா தும்மல் துளியில் மட்டும் பரவவில்லை. மூச்சோடு வெளியே வரும் நுண்துகள்களில் மிதந்து, மூடிய அறைக்குள் தேங்கி நின்றும் பரவியது. தொடக்கத்தில் எல்லோரும் கதவுக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தோம், காய்கறியை மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டோம். 2021 மே மாதம்தான் ஒன்றிய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் ஜன்னல், மின்விசிறி, எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் படம் போட்டுக் காற்றோட்டத்தைப் பற்றி அறிவுரை வெளியிட்டது. அதற்குள் இரண்டாம் அலை தலைக்கு மேல் போயிருந்தது. அடுத்து வருவதும் மூச்சு வழி நோயாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். வயிற்றுப்போக்கு நோயாக வந்தால் கதை வேறு; அப்போது குடிநீரைக் கொதிக்க வைப்பதுதான் முதல் வேலை.

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை வீடுகளுக்குள் நுழைந்தால் கண்ணில் படுவது ஒன்று உண்டு. இருப்பது ஒரே ஜன்னல். அதை மறைத்துக்கொண்டு ஒரு பீரோ. பீரோவின் தலையில் சூட்கேஸ், சூட்கேஸின் மேல் பொங்கலுக்கு மட்டும் இறங்கும் வெண்கலப் பானை. மீதி இடுக்கில் கொசுவுக்குப் பயந்து பழைய புடவையைச் செருகியிருப்பார்கள். அந்த அறையில் ஐந்து பேர் இரவு முழுக்க மூச்சு விட்டால், ஒருவர் விட்டதைத்தான் மற்றவர் இழுக்க வேண்டும். சீலிங் ஃபேன் அதே காற்றைச் சுற்றிச் சுற்றிக் கலக்குமே தவிர வெளியேற்றாது.

அதனால் நோய் வரும்வரை காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே பீரோவை நகர்த்துங்கள். ஜன்னலுக்கு வெல்க்ரோ வைத்த கொசுவலை அடியுங்கள். டேபிள் ஃபேன் இருந்தால், நோய்க் காலத்தில் அதை ஜன்னலருகே வெளியே பார்த்துத் திருப்பி வையுங்கள். உள்ளே இருக்கும் காற்று அந்த வழியாகப் போகும், கதவு வழியாகப் புதுக்காற்று வரும். சமையல் மூலையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட வீட்டுக்காரர் சம்மதித்தால் இன்னும் நல்லது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கையில் இருந்தால் அதைச் சானிடைசர் பாட்டில்களில் கொட்டாமல் இதற்குச் செலவழியுங்கள். மணலிப் பக்கமிருந்து நெடி வருகிற இரவும், கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை வருகிற இரவும் உங்களுக்குத் தெரியும். இழைப்புள்ளவருக்கு அதுவும் ஆகாது. அந்த நேரங்களில் மூடிவிட்டு, நெடி அடங்கியதும் திறந்துவிடுங்கள்.

அடுத்து, படுக்கை. தூங்கும் ஏழெட்டு மணி நேரம்தான் ஒரே அறையில் எல்லோரும் நெருங்கி இருக்கும் நேரம். ஊரில் நோய் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் வெளியே போய் வரும் ஆண் மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ படுக்கட்டும். பெண்களுக்கு அது அவ்வளவு எளிதில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் அத்தையின் தலை ஜன்னல் பக்கமும், வெளியே போய் வருகிறவரின் தலை எதிர்ச் சுவர்ப் பக்கமும் இருக்கும்படி பாய் போடுங்கள். பிள்ளைகள் ஆயாவைக் கட்டிக்கொண்டு தூங்குவதைத்தான் நிறுத்துவது கடினம். ஊரில் பரவல் குறைவாக இருக்கும்போது அதை நிறுத்தவும் வேண்டாம். உச்சமான சில வாரங்களுக்கு மட்டும் சொல்லிப் புரியவையுங்கள்.

இப்போது, வெளியே போகிறவர் யார் என்பதற்கு வருவோம். ஆபத்தான வேலை என்றதும் துறைமுகம்தான் நினைவுக்கு வரும். கூட்டம், கூச்சல், ஏலம். ஆனால் ஐஸ் ஏற்றுவது திறந்தவெளி வேலை, கடல் காற்று அடிக்கும் இடம். உங்கள் துணிக்கடையோ ஏசி போட்டு, கண்ணாடிக் கதவு சாத்தி, தீபாவளிக் கூட்டத்தில் ஆளோடு ஆள் முட்டிக்கொண்டு, புடவையைப் பிரித்துக் காட்டியபடி நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டிய இடம். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டில் நோயைக் கொண்டுவரும் வாய்ப்பு உங்களுக்குத்தான் அதிகம். அத்தைக்குச் சாப்பாடு போட்டு, முதுகு தேய்த்து, மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. நோய் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் அத்தையைக் கவனிக்கும் வேலையை அவருடைய மகன் எடுத்துக்கொள்ளட்டும். முகம் சுளிப்பார். சுளித்துக்கொண்டே செய்யட்டும், பெற்ற தாய்தானே. ஏல நேரத்தில் கூட்டத்துக்குள் நிற்காமல், டீக்கடைக்குள் போய் உட்காராமல், ஷேர் ஆட்டோவில் ஏறாமல் நடந்தோ சைக்கிளிலோ வந்துவிட்டால் அவர்தான் அந்த வீட்டில் பாதுகாப்பான கை.

தண்ணீர்க் குழாய், ரேஷன் கடை, பள்ளிக்கூட வாசல் எல்லாம் பெண்கள் தலையில்தான் விழுகின்றன என்பதையும் கணக்கில் சேருங்கள். 2020 ஏப்ரலில் ஒரு தெருக்குழாயருகே இடைவெளி விட்டுச் சுண்ணாம்பு வட்டங்கள் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு பிளாஸ்டிக் குடம் வரிசை தவறாமல் நிற்கிறது. குடங்களுக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் எதிர் வீட்டு சன்ஷேடு நிழலில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்? வெயில் அப்படி. வட்டத்தை நிழலில் போட்டிருக்க வேண்டும். உங்கள் போர்ஷனில் நான்கு குடும்பங்களும் இப்போதே பேசி, எந்தக் குடும்பம் எந்த நேரத்தில் பிடிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்கு ஓர் ஆள், குடம் நிரம்பியதும் உள்ளே போய்விட வேண்டும். குழாயடியில் சோப்புக் கட்டியை ஒரு நைலான் வலைப்பையில் போட்டு ஆணியில் கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் கரையாது, காக்காயும் தூக்கிப் போகாது.

கழிப்பறைக்கும் அதே மாதிரி. விடிந்ததும் முதலில் அத்தை போய் வரட்டும்; இரவெல்லாம் ஆள் புழங்காத காற்று அது. மற்ற நேரத்தில் ஒருவர் வந்த பிறகு கதவைச் சிறிது நேரம் திறந்துபோட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு போகட்டும். இரவுக்கு ஒரு கமோடு நாற்காலி வாங்கிவிட்டால் நோய் இல்லாத காலத்திலும் உதவும். இருட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பாட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாஸ்க் விஷயத்தில் பிடிவாதமாக இருக்க வேண்டிய இடங்களைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்குள் இருபத்து நான்கு மணி நேரமும் ஒருவராலும் போட முடியாது. கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் மருத்துவமனையிலும் துணி மாஸ்க் போதாது, என்-95 வேண்டும். அதைத் துவைக்கக் கூடாது. நான்கைந்து வாங்கி, காகிதக் கவர்களில் கிழமை எழுதிப் போட்டு, மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். நாடா தளர்ந்தாலோ முகத்தில் ஒட்டி நிற்காவிட்டாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் ஒரே ஒரு சட்டம் போதும். யாருக்காவது தொண்டை கரகரத்தால், உடம்பு வலித்தால், அந்த மணியிலிருந்தே அவருக்கு மாஸ்க், மாடி, தனித் தட்டு. பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கொரோனாவில் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தொற்ற ஆரம்பித்துவிடும். அறிகுறி தெரிந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தால் மிச்சமிருக்கும் வாய்ப்பும் போய்விடும். அந்த நாட்களில் உங்கள் பிள்ளையே காய்ச்சலில் கிடந்தாலும் அத்தை தூக்கிக் கொஞ்சக் கூடாது. இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வராது. கணவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

இனி மாத்திரை. கொரோனாவைவிட, கொரோனாவுக்குப் பயந்து வழக்கமான சிகிச்சையை விட்டதால் கெட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் 2019இல் ஏறக்குறைய 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020இல் அது 18 லட்சமாகக் குறைந்தது. நோய் குறைந்ததால் வந்த இறக்கம் இல்லை அது. இருமினால் கொரோனா என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, இருமலை மறைத்துக்கொண்டு வீட்டில் இருந்தவர்கள் நம் தெருக்களிலேயே உண்டு. நோய் கண்ட வீட்டு வாசலில் தகரம் அடித்ததும் ஒட்டுவில்லை ஒட்டியதும் அந்தப் பயத்தை வளர்த்தன. காய்ச்சலைச் சொன்னவனுக்குத் தண்டனை போல அது அமைந்துவிட்டால், அடுத்தவன் ஏன் சொல்லப் போகிறான்?

அத்தைக்கு இப்போதே மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை வீட்டுக்கு வரும். அது வந்தாலும் வராவிட்டாலும் ஒரு மாத மாத்திரை எப்போதும் கூடுதலாகக் கையிருப்பில் இருக்கட்டும். பழையதை முதலில் எடுத்துக் கொடுங்கள். இழைப்புக்கு இன்ஹேலர் இழுப்பவராக இருந்தால், அதில் ஸ்டீராய்டு இருக்கிறதாமே என்று யாராவது சொல்வதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். நெபுலைசரை மட்டும், நோய்க் காலத்தில், அறைக்குள் வைக்காமல் திறந்த வாசலிலோ மாடியிலோ வைத்துக் கொடுங்கள். அதன் புகையோடு அவர் மூச்சும் அறை முழுக்கப் பரவும். இன்சுலின் போடுகிறவராக இருந்து மின்சாரம் போய்ப் போய் வந்தால், பழைய முறைப்படி ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் ஒரு சின்னப் பானை வைத்து அதில் வையுங்கள்; அக்னி நட்சத்திரத்திலும் ஓரளவு தாங்கும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டும். டெக்சாமெத்தசோன் உயிர் காக்கும் என்று 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது உண்மை. யாருக்கு? ஆக்சிஜன் தேவைப்படும் நிலைக்குப் போனவர்களுக்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் தெரியவில்லை. 2021இல் காய்ச்சல் வந்த அன்றே அதை விழுங்கி, சர்க்கரை எகிறி, கருப்புப் பூஞ்சையில் கண்ணை இழந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அத்தையைப் போன்ற சர்க்கரை நோயாளிகள்தான் அதற்கு முதல் பலி. கபசுரக் குடிநீர் குடிப்பதானால் குடிக்கட்டும். ஆனால் குடித்தாயிற்றே என்று மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம், மாத்திரையை விட வேண்டாம்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒன்றை நான்கு குடும்பங்களும் சேர்ந்து வாங்கி வையுங்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே அத்தைக்கு எவ்வளவு காட்டுகிறது என்று எழுதி வைப்பது முக்கியம். பழைய இழைப்புக்காரர்களுக்கு வழக்கமான அளவே குறைவாக இருக்கலாம். நகப்பூச்சு இருக்கக் கூடாது, கை சூடாக இருக்க வேண்டும். பொதுவாக 94க்குக் கீழே போனால் தாமதிக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு: கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்று 2020 கடைசியில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் ஆளைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்குகிறதா? உதடு நீலம் பாய்கிறதா? திடீரெனப் பேச்சு குழறுகிறதா, எழுப்பினால் எழாமல் கிடக்கிறாரா? எண் 96 என்று காட்டினாலும் 108ஐக் கூப்பிடுங்கள். பெரியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், சோர்வும் குழப்பமும் மட்டுமாகக்கூட நோய் வரும்.

மருத்துவமனைக்குப் போகும் பையை முன்பே தயார் செய்து ஆணியில் மாட்டி வையுங்கள். மாத்திரைச் சீட்டு, ஆதார் நகல், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நகல், கண்ணாடி, பல் செட் போட்டிருந்தால் அதற்கு ஒரு டப்பா, இரண்டு புடவை, பட்டன் போன், சார்ஜர். பையின் மேல் துணி மார்க்கரில் மகன் நம்பரையும் மருமகள் நம்பரையும் பெரிதாக எழுதுங்கள். கொரோனா வார்டில் துணைக்கு ஆளை விடாதபோது, போன் சார்ஜ் தீர்ந்துபோய், எந்த மாடியில் இருக்கிறார் என்றே தெரியாமல் வாசலில் தவித்த குடும்பங்கள் ஏராளம். மகன் நம்பர் மனப்பாடம் இருக்கிறதா என்று இன்றைக்கே அத்தையிடம் கேட்டுப் பாருங்கள். இருக்காது.

ரேஷனுக்கு முதியவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வேறு ஒருவரை வாங்கச் சொல்லி எழுதிக் கொடுக்கும் படிவம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே கொண்டுவந்து கொடுப்பதற்காக வந்தது. அது பெரியவர்கள் மட்டும் இருக்கும் அட்டைகளை மனத்தில் வைத்துச் செய்தது. உங்கள் குடும்ப அட்டைக்கு யார் போவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பணத்தைப் பற்றி என்ன சொல்ல? 2020 ஏப்ரலில் அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள், 2021இல் இரண்டு தவணையாக 4,000. வாடகைக்கே காணாது. இரண்டு சம்பளமும் நின்றால் எந்தப் பாதுகாப்பும் பத்து நாளைக்கு மேல் தாங்காது என்பதால்தான் வேலையை விடுங்கள் என்று உங்களிடம் நான் சொல்லவில்லை. ஒன்றை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், மூடிய கடை வேலையை முதலில் நிறுத்துங்கள்.

தடுப்பூசி வரும், ஆனால் உடனே வராது. கொரோனா தமிழகத்தில் முதலில் கண்டது 2020 மார்ச்சில். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி தொடங்கியது 2021 மார்ச்சில். கிட்டத்தட்ட ஒரு வருடம் வீட்டு ஏற்பாட்டிலேயே ஓட்ட வேண்டியிருந்தது. ஒரு வருடம் என்பதை நினைவில் வைத்துத்தான் எதையும் திட்டமிட வேண்டும். முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக் களைத்துப்போகிற வீடுகள், அலை உண்மையாக வரும்போது கையை விட்டுவிடும். பரவல் குறைந்த மாதங்களில் தளர்த்துங்கள். தெருவில் காய்ச்சல் கூடும்போது இறுக்குங்கள். மருத்துவரிடம் கேட்டு, ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் நோய் இல்லாத இந்தக் காலத்திலேயே அத்தைக்குப் போட்டுவிடுவது நல்லது.

அத்தையின் மனத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லியாக வேண்டும். ஒரு மூலையில் உட்கார வைத்து, பேரப்பிள்ளையைத் தொடாதே, வாசலுக்குப் போகாதே என்றால் அவர் இரண்டு வாரத்தில் சாப்பாட்டைக் குறைப்பார், நடையைக் குறைப்பார். சர்க்கரைக்காரருக்கு நடை நின்றால் மற்றதெல்லாம் தானாகக் கெடும். அவருக்கு ஆபத்து மூடிய இடம். திறந்த இடம் ஓரளவுக்கு நண்பன். விடியற்காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் கடற்கரைப் பாறைகள் பக்கம் மகன் அழைத்துப் போய் ஒரு நடை நடத்திக் கூட்டிவரட்டும். பழைய சிநேகிதி வந்தால் அறைக்குள் உட்கார வைக்காமல் வாசற்படியில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பேசட்டும். 2020இல் மெரினாவை மார்ச் முதல் டிசம்பர் வரை மூடி வைத்தார்கள். திறந்த வெளியை மூடி ஜனங்களை அறைக்குள் தள்ளியது எனக்கு அன்றைக்கும் சரியாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை. சாவு வீடு மட்டும் வேறு. நம் பக்கத்தில் ஒரு சாவென்றால் பந்தல், பறை, விடிய விடியக் கூட்டம். போகாவிட்டால் உறவு விட்டுப்போகும். பந்தலில் மாலையை வைத்துவிட்டு, உள்ளே போகாமல், கட்டிப்பிடித்து அழாமல் அத்தை திரும்பிவிடட்டும். அதையும் அவரிடமே கலந்து பேசி முடிவெடுங்கள். எழுபது வருடம் வாழ்ந்தவர், எதற்கு எவ்வளவு ஆபத்தை ஏற்பது என்று சொல்ல அவருக்கும் வாய் இருக்கிறது.

இங்கிலாந்துக் கதை சொன்னேன். அதே 2020இல், லண்டனில் உள்ள வெப்பமண்டல மருத்துவக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த சிலர், அகதி முகாம்களையும் நெருக்கமான குடியிருப்புகளையும் நினைத்து ஒரு யோசனை வைத்தார்கள். வீட்டில் இடம் இல்லையென்றால் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீட்டை மாற்றிக்கொண்டு, ஒரு வீட்டைப் பெரியவர்களுக்கென்று விட்டுவிடலாம் என்பது அதில் ஒன்று. உங்கள் நான்கு போர்ஷன்களில் செய்து பார்க்கக்கூடியதுதான். ஆனால் உள்ளே ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வந்துவிடும். அந்தப் பெரியவர்களுக்குச் சோறு கொடுக்க ஒரே ஆள், அவரும் வெளியே போகாதவர் என்று கிடைத்தால்தான் தொடங்க வேண்டும். உச்சமான மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் அதை இழுக்கவும் கூடாது. பெரியவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிடும்.

கடைசியாகப் பொன்னேரி. அனுப்பலாம், மூன்று விஷயம் சரியாக இருந்தால். அந்த வீட்டில் உங்கள் வீட்டைவிட வெளியே போய் வருகிறவர்கள் குறைவாக இருக்க வேண்டும். நாத்தனார் கணவர் கம்பெனி பஸ்ஸில் நாற்பது பேரோடு போய் வருகிறவர் என்றால் அனுப்பி ஒரு லாபமும் இல்லை. பக்கத்தில் ஆக்சிஜன் உள்ள மருத்துவமனை எது, இரவில் வண்டி கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். இங்கே ஸ்டான்லி கூப்பிடு தூரத்தில் இருப்பதன் அருமை அங்கே போனால்தான் தெரியும். மூன்றாவது, அத்தைக்கு விருப்பம் இருக்க வேண்டும். எல்லாம் சரியென்றால் ஊரில் காய்ச்சல் கூடத் தொடங்கும்போதே, வீட்டில் ஒருவருக்கும் இருமல் இல்லாத நாளாகப் பார்த்து, நெரிசல் ரயிலில் ஏற்றாமல் ஜன்னல் திறந்த ஆட்டோவில் அனுப்புங்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு அறிகுறி தெரிந்துவிட்டால் அனுப்பாதீர்கள். அதற்குள் அத்தைக்கும் தொற்றியிருக்கலாம். நாத்தனார் வீட்டில் அவருடைய மாமியாரும் இருக்கலாம் இல்லையா?